பழைய ஈஸ்ட்டுக்கு ஒரு பந்தயம்

ஏமாற்றிவிடுவது என்று முடிவு செய்த பிறகுதான் எனக்கு மூச்சே நிம்மதியாக வந்தது. பின்னே என்ன? நானும் தம்பியும் நடத்தும் சின்ன பியர் ஆலையில், எங்கள் பெல்ஜியம் பாணி 'பேல் ஏல்' பியரைப் புளிக்க வைப்பது என் ஈஸ்ட். எட்டு வருடமாக ஜாடி மாற்றி, குளிரில் வைத்து, பிள்ளை மாதிரி காப்பாற்றி வருகிறேன். தம்பிக்காரன் எங்கிருந்தோ ஒரு புது ஈஸ்ட்டை வரவழைத்து ஒரு பீப்பாய் காய்ச்சிவிட்டு, "உன் கிழட்டு ஈஸ்ட்ட கொட்டிடலாம்க்கா" என்கிறான். வயிறு எரியாதா?

"ருசியில வித்தியாசமே தெரியலன்னா எதுக்குடா புதுசு?" என்று பந்தயம் கட்டினேன். மூன்று கிளாஸ். இரண்டில் பழசு, ஒன்றில் புதுசு. அவன் புதுசைக் கண்டுபிடித்துவிட்டால் என் ஈஸ்ட் சாக்கடைக்கு. தவறினால் அவனுடையது.

ஊற்றுவது நான். முதல் குழாயில் பழசு, இரண்டாவதில் புதுசு. மூன்று கிளாஸையும் முதல் குழாயிலேயே நிரப்பினேன். இல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பான்?

தம்பி பெரிய துரை மாதிரி கிளாஸைச் சுழற்றினான், மூக்கை விட்டான், கண்ணை மூடினான்.

"ரெண்டாவதுதான் புதுசு! ஆரஞ்சுத் தோல் வாசனை தூக்குது. மத்த ரெண்டும் சப்புன்னு இருக்கு."

விழுந்து விழுந்து சிரித்தேன். "அடேய் அறிவுக்கொழுந்தே! மூணும் ஒண்ணுதான்டா. மூணும் என் பழசு!"

அதோடு விட்டேனா? அவன் சப்பென்று இருப்பதாகச் சொன்ன கிளாஸை எடுத்து ஒரு மடக்கு குடித்தேன். "ஆஹா! கிராம்பு வாசனை, தேன் மாதிரி இனிப்பு, கடைசியில லேசா ஒரு கசப்பு. எட்டு வருஷத்துல இப்படி ஒரு ஏல் வந்ததில்ல. உன் புதுசு இதோட கால் தூசிக்கு வருமா?"

"இது அழுகுணி ஆட்டம்க்கா!" என்று அவன் குதித்தான்.

குழாய்களையும் பீப்பாய்களையும் பார்த்துக்கொள்வது அவன் பெண்டாட்டி. கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தவள் மெல்ல வாயைத் திறந்தாள்.

"அண்ணி, நீங்க ஏதாவது தில்லுமுல்லு பண்ணுவீங்கன்னு தெரியும். அதான் காலையிலயே ரெண்டு பீப்பாயையும் மாத்தி மாட்டிட்டேன். மூணும் ஒண்ணுதான். ஆனா மூணும் புதுசு."

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்போ நான் சொன்னது சரியா, தப்பா?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியலங்க. அண்ணிக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

என் நாக்கே தீர்ப்பு சொல்லிவிட்டது. கிளாஸும் கையுமாக நானே போய் ஜாடியை எடுத்து வந்து, மூடியைத் திறந்து, கழுவும் தொட்டியில் சாய்த்தேன். எட்டு வருடம் கொழகொழவென்று இறங்கிப் போயிற்று. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை.

தம்பி பதறிப்போய் ஓடி வந்தான். "விடுக்கா, கொஞ்சமாவது வச்சுக்கோ. அந்தக் கிளாஸ இப்படிக் குடு, கீழ போட்டுடப் போற."

"போடா" என்றேன். ஜாடியைக் கொடுத்தேன். கிளாஸைக் கொடுக்கவில்லை. அதில் இன்னும் பாதி இருந்தது.