நான்காம் கிரேனின் பச்சை

நாற்பத்தொரு மணி நேரமாக நான் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு, துறைமுகத்தை ஒட்டிய எங்கள் கன்டெய்னர் யார்டில் நான்காம் கிரேன் தூக்கிய பெட்டி காற்றில் சுழன்று தங்கப்பாண்டியின் இடது காலை நசுக்கியது. கிரேனை ஓட்டியவர் மாசானம். பத்தொன்பது வருட வேலை. புதன் காலை பத்து மணிக்கு விசாரணை. கிரேன் அறையில் காற்றின் வேகத்தைக் காட்டும் திரைக்குப் புரோகிராம் எழுதியவள் நான் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

காற்று மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டினாலோ, கருவியிலிருந்து எண்ணே வராவிட்டாலோ திரை சிவக்கும், கிரேன் நிற்க வேண்டும். ஓட்டுபவர்கள் எண்ணைப் படிப்பதில்லை. கண் கீழே பெட்டியில் இருக்கும். ஓரத்தில் தெரியும் நிறத்தைத்தான் நம்புவார்கள்.

அந்த நேரத்தில் காற்று ஐம்பதைத் தாண்டியிருந்தது. பச்சையைப் பார்த்துத்தான் தூக்கியதாக மாசானம் சொன்னார். விபத்து நடந்ததும் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் திரையைப் போட்டுச் சோதித்தபோது மூன்று முறையும் சரியாகச் சிவந்தது.

பாதுகாப்பு அதிகாரி நேசக்குமார் கோப்பிலிருந்து நிமிராமல் கேட்டார். “எங்க எல்லாருக்கும் செவப்பாத் தெரியுது. உமக்கு மட்டும் பச்சையாத் தெரிஞ்சுதோ? கண்ணு டெஸ்ட் எப்ப வே எடுத்தீரு?”

யாரோ சிரித்தார்கள்.

புரோகிராமில் நிறம் ஒரு பிராப்பர்ட்டி, திரையின் ஒரு பண்பு. அதன் மதிப்பு பல இடங்களிலிருந்து வரலாம். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் ஆரம்ப மதிப்பு. அதற்கு மேலே, எல்லாத் திரைகளுக்கும் பொதுவாக எழுதிய பாணி. அதற்கும் மேலே, திரையில் காற்றைக் காட்டும் அந்த ஒரு கட்டத்துக்கென்று தனியாகச் சொன்னது. அந்த உச்சியில்தான் நிறத்தைக் காற்றின் எண்ணோடு பிணைத்திருந்தேன். எண் மாறினால் நிறம் மாறும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் திரையில் ஒரு நிறத்தை நேரடியாக எழுதினால், அது பிணைப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிணைப்பு அறுந்துவிடும். பிழை என்று எந்தச் செய்தியும் வராது. எண் ஏறும், இறங்கும். நிறம் அப்படியே நிற்கும். திரையை அணைத்துப் போட்டால் எழுதியது போய்விடும், பிணைப்பு திரும்பிவிடும். தடயம் இருக்காது.

உள்ளே வருமுன் எங்கள் குழுத் தலைவர் ஜெயசிங் என்னை வராண்டாவில் நிறுத்தியிருந்தார். “ஏளா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. புரோகிராம்ல தப்பு இல்லைல்லா?”

நேசக்குமாரும் அதையேதான் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. அவர் எழுதிக்கொண்டார். மாசானத்தை வேலையிலிருந்து நீக்கப் பரிந்துரைப்பதாகச் சொல்லி, கையெழுத்துக்குத் தாளை நகர்த்தினார்.

மாசானம் பேனாவை வாங்கினார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமில்லை.

“பிள்ள எழுதுனது சரியாத்தான் இருக்கும் சார். எனக்குத்தான் ஒருவேள கண்ணு தெரியலையோ என்னமோ.”

நான் எழுந்தேன். ஜெயசிங் என் பெயரைச் சொன்னது கேட்டது.

“சனிக்கிழம போட்டோ எடுக்க ஆள் வந்தாங்கல்லா சார். காத்துக் கருவியக் கழட்டியிருந்ததால திரை செவப்பா இருந்துது. போட்டோவுக்காக நான்தான் பச்சைன்னு எழுதுனேன். அப்புறம் அத எடுக்கவே இல்ல. அண்ணாச்சி பாத்தது பச்சைதான்.”