வலைக்கு வெளியே

காலையில் முகம் கழுவியதும் தையல்காரர் ஜன்னலோர முக்காலியில் உட்கார்ந்து வாயைத் திறப்பார். அவர் மனைவி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு இடது தாடையைத் தடவிப் பார்ப்பாள். கட்டியோடு சேர்த்து எலும்பை வெட்டியெடுத்தபோது நரம்பும் போய்விட்டது. உதட்டில் பால் வழிந்தாலும் அவருக்குத் தெரியாது. அந்தத் தாடைக்கு இப்போது அவள் விரல்தான் உணர்ச்சி.

வெட்டிய இடத்தில் மெல்லிய உலோக வலையை வளைத்துப் பொருத்தி, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த அவருடைய சொந்தச் செல்களை அதற்குள் நிரப்பியிருந்தார் டாக்டரம்மா. "எலும்பு பிடிக்கலாம். நரம்பு திரும்பாது. பல்லப் பத்தி அப்புறம் பேசலாம்," என்று ஒளிக்காமல் சொன்னார். சீக்கிரம் வளர மருந்து இருக்கிறதாமே என்று இவர் கேட்டதற்கு, "அது எலும்ப மட்டும்தான் வளக்கும்னு என்னால சொல்ல முடியாதுங்க. கட்டி இருந்த இடமாச்சே," என்றார். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டு, "வலைக்குள்ள கெட்டியானா சந்தோஷம். வெளிய ஏதாவது தட்டுப்பட்டா அன்னைக்கே வந்துருங்க," என்றார்.

அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு தினமும் கை கழுவினாள்.

கொழகொழவென்றிருந்த இடம் மெல்ல இறுகியது. எக்ஸ்ரேயிலும் வெள்ளையாகத் தெரிந்தது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பட்டன் தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தே பழகியவர். இப்போது கத்தரிக்கோலை எடுக்கும்போதெல்லாம் அதனிடம், "உன் உத்தியோகம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தாண்டி," என்பார்.

இன்று அவள் விரல் வலையின் விளிம்பைத் தாண்டி நாக்கின் அடிப்பக்கம் போனது. அங்கே மிளகளவு ஒன்று இருந்தது. அழுத்தினாள். நகரவில்லை. நேற்றும் இருந்ததா? நேற்றுப் பால் பொங்குகிறதென்று அவசரமாகக் கையை எடுத்துவிட்டாள். எலும்பே கொஞ்சம் வழிந்திருக்கலாம். தையல் போட்ட தழும்பாக இருக்கலாம்.

விரல் உள்ளே இருக்கும்போது அவர் பேசுவது அவளுக்கு மட்டும்தான் விளங்கும்.

"என்னடி, பல்லு முளைச்சிருச்சா?"

"ஆமா. கெழவனுக்குப் பால்பல்லு."

அவர் சிரித்தார். சிரிப்பில் தாடை அசைந்தது. அந்த மிளகு அசையவில்லை.

"இன்னைக்குக் கடையத் தொறக்க வேண்டாங்க," என்றாள்.

"ஏன்?"

அவள் விரலை எடுக்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வாயை மெல்ல மூடினார். வலப்பக்கத்துப் பற்கள், நூலைக் கடிக்கப்போவதுபோல, அவள் விரல்மீது வந்து படிந்து, அப்படியே நின்றன.