வெள்ளைத் தண்ணிக்கு மூச்சு

கமலம் அக்காவின் மூக்குக்குத் தப்பி ஒரு கருவாட்டுத் துண்டுகூட அந்தத் தெருவைக் கடந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மூக்குக்கு நேர் கீழே, நாவலப்பிட்டியில் அவருடைய வீட்டுக் கராஜை வாடகைக்கு எடுத்து இரும்பு கடையும் லேத் மெஷின் போட்டிருந்தாள் நிஷாந்தி. கராஜை ஒட்டிய இரண்டு அறைகளில் அவளும், பஸ் ஓட்டும் புருஷன் யோகராஜும் குடித்தனம். சுற்றுவட்டாரத் தேயிலைத் தொழிற்சாலைகளில் தேய்ந்துபோகும் பாகங்களுக்குப் பதிலாகப் புதியன கடைந்து கொடுப்பது அவள் தொழில். வேலை சுத்தம், சொன்ன நாளில் கொடுப்பாள். தொல்லையெல்லாம் வெள்ளைத் தண்ணியால் வந்தது.

இரும்பைக் கடையும்போது சூடேறாமலிருக்க, எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த கலவை ஒன்று குழாய் வழியாக அதன்மேல் விழுந்துகொண்டே இருக்கும். கூலன்ட் என்பார்கள், பார்க்கப் பால் மாதிரி இருப்பதால் யோகராஜுக்கு அது வெள்ளைத் தண்ணி. விழுந்தது மெஷினுக்கு அடியிலுள்ள தொட்டியில் சேர்ந்து மறுபடி மேலே ஏறும். வேலை நாட்களில் அது நல்ல பிள்ளை. சேர்ந்தாற்போல லீவு விட்டுத் திறந்தால், அழுகிய முட்டை நாற்றம் குடலைப் பிரட்டும்.

தீபாவளி லீவு முடிந்த காலை, அந்த நாற்றம் மாடிப்படி ஏறி கமலம் அக்காவின் சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டது. அக்கா நகரசபையில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர், கண்டிப்புக்குப் பேர் போனவர். முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி இறங்கி வந்து, பொங்கல் லீவு முடிந்தும் இப்படி நாறினால் மெஷின் வெளியே போக வேண்டும் என்று கெடு வைத்தார். தங்கை மகன் ஜனகன் வேன் நிறுத்த இடம் தேடுகிறானாம்.

அந்த மெஷினை இறக்கவே கிரேன் வந்தது. அதன் பாரத்தைத் தாங்கும் தளமும் அதற்கேற்ற கரண்ட் லைனும் உள்ள இடம் ஊரில் வேறெங்கும் காலியாக இல்லை. வெளியே போனால் பழைய இரும்புக்குத்தான் போகும். பொம்பளைப் புள்ளைக்கு எதற்கு லேத் என்று கேட்டவர்களின் வாயை அடைக்கவே பல வருஷம் சம்பளத்துக்கு வேலை செய்து நிஷாந்தி வாங்கிய மெஷின் அது.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கற்பூரம் போட்டாள், எலுமிச்சம்பழம் பிழிந்தாள். பன்னீர் ஊற்றிய வாரம் கல்யாண மண்டபத்தில் முட்டை அழுகியது போலிருந்தது. தண்ணியையே மாற்றிப் பார்த்தாள். அடுத்த லீவுக்கு அதுவும் நாறியது. கடைசியில் யோகராஜ் களத்தில் இறங்கினான். மூடி வைத்தால் நாற்றம் வெளியே வராது என்பது அவன் விஞ்ஞானம். தொட்டியைப் பொலித்தீனால் மூடி, மேலே செங்கல்லும் அடுக்கினான். பௌர்ணமிப் போயா லீவு கழித்துப் பிரித்தபோது அவனே வாந்தி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

பொங்கல் நெருங்கியது. இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டுக் கெஞ்சலாம் என்று நிஷாந்தி ஒரு பகல் மாடிக்குப் போனாள். அப்போது பார்த்துக் கரண்ட் போனது. கமலம் அக்கா வரவேற்பறை மீன் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஒரு டம்ளரால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். நிஷாந்தியைத் திட்டும்போதுகூட அந்தக் கை நிற்கவில்லை. என்னக்கா செய்றீங்க என்று அவள் கேட்டே விட்டாள்.

"கரண்ட் இல்லாட்டி பம்ப் நின்னுருமே. காத்துப் போகாத தண்ணி அழுகித்தான் போகும், புள்ள. மீனு எப்படி உசிரோட இருக்கும்?"

நிஷாந்திக்குக் கீழே மெஷினுக்கடியில் கிடக்கும் தொட்டி நினைவுக்கு வந்தது. வேலை நாட்களில் தண்ணி விழுகிறது, தெறிக்கிறது, நாறுவதில்லை. லீவில் அசையாமல் கிடக்கிறது. போதாததற்கு மெஷினிலிருந்து கசியும் எண்ணெய் மேலே ஆடை கட்டி, உள்ள காற்றையும் அடைக்கிறது. அதன்மேல் பொலித்தீன் வேறு! கெஞ்ச வந்ததை மறந்து, படிகளைத் தாவி இறங்கினாள். பைத்தியமா இவளுக்கு என்று கமலம் அக்கா நினைத்திருப்பார்.

அன்றே தொட்டியைக் காலி செய்தாள். அடியில் கறுப்புக் களி போல அழுக்கு. தண்ணியை மாற்றினாலும் புதியதைக் கெடுத்தது இதுதான். சுரண்டி எடுத்துத் தேய்த்துக் கழுவினாள். புதுக் கலவைக்கு முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய். மாற்றிச் செய்தால் திரிந்த பாலாகிவிடும். டவுனில் மீன் கடைக்குப் போய்க் காற்றுப் பம்ப் கேட்டாள். என்ன மீன் வளர்க்கிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். எண்ணெயில் வளர்கிற மீன் என்று சொல்லிவிட்டு வந்தாள். பம்ப்பின் குழாயைத் தொட்டிக்குள் விட்டு, இரவு பகலாக ஓடவிட்டாள். தினமும் வேலை முடிந்ததும் மேலே மிதக்கும் எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தாள்.

பொங்கலுக்கு யோகராஜ் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். கரண்ட் போயிருக்குமோ, பம்ப் நின்றிருக்குமோ என்று நிஷாந்தியின் மனசு கராஜையே சுற்றிக்கொண்டிருந்தது.

லீவு முடிந்து முதல் பஸ்ஸில் திரும்பி வந்தால், வாசலில் ஜனகனின் வேன் நிற்கிறது. மெஷினைத் தூக்க ஆளும் பேசியாயிற்று என்றான் அவன். கமலம் அக்கா மூக்கில் முந்தானையோடு நின்றார். நிஷாந்தி பூட்டைத் திறந்தாள்.

இரும்பும் எண்ணெயும் கலந்த கராஜ் வாசம். அவ்வளவுதான்.

கமலம் அக்கா முந்தானையை எடுத்தார். இழுத்து மோந்தார். உள்ளே போனார். தொட்டிக்குமேல் குனிந்து, மூக்கு தண்ணியில் படுகிற அளவுக்குத் தலையைக் கொண்டுபோனார். குமிழிகள் களகளவென்று வந்துகொண்டிருந்தன.

அக்கா நிமிர்ந்தபோது ஜனகன் வேனை உள்ளே விடவா என்று கேட்டான். அவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேற எடம் பாரு, தம்பி. இங்க ஆளு இருக்கு."

சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். நிஷாந்திக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. துடைக்காமலே மெஷினைப் போட்டாள். ஜனகன் வேனைப் பின்னால் எடுத்துத் தெருவில் திருப்புவதற்குள் இரும்பு சுருள் சுருளாக விழத் தொடங்கியது.