பகேரியாவுக்கான அட்டை

தென்னித்தாலிய நகரொன்றின் அல்பெர்கேரியாப் பகுதியில், பலாறோச் சந்தைக்குப் பின்புறத்து ஒடுங்கிய தெருவொன்றின் மூன்றாம் மாடியில், எமிலியானா தம் மகளுக்கென்று செய்த நத்தார் வாழ்த்து அட்டையின் பசை ஏழு ஆண்டுகளாகக் காயவில்லை. அதே புட்டியிலிருந்து, அதே தூரிகையால், அதே மேசையில் ஒட்டப்பட்ட பிற அட்டைகள் தேநீர் ஆறுவதற்குள் காய்ந்துவிடுவதால், குற்றம் பசையினுடையதன்று என்பதை அயலவர் முதலாண்டிலேயே ஏற்றுக்கொண்டனர்.

மன்னாரிலிருந்து வந்தவரான எமிலியானா, பகலில், சிஞ்ஞோரா என்றழைக்கும் எசமானி ஒருவரின் வீட்டைத் துப்புரவு செய்வார்; கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக்காலம் நெருங்கியதும் மாலைகளில் அட்டை செய்வார். தடித்த வெள்ளை மட்டையின்மேல் வண்ணத்தாள். அதன்மேல் ஓரம் கத்தரித்த பூவேலைத்தாள். அதன்மேல், சியாகுல்லித் தோட்டங்களில் பழம் பறிக்கும் கணவர் றோபேட் கொண்டுவருகின்ற, மண்டரின் பழம் சுற்றும் மெல்லிய தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறு பஞ்சுத்துண்டால் உயர்த்தி ஒட்டிய பொன்னிற நட்சத்திரம். கோயிற் பங்கிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் அவருடைய அட்டைகளையே உறவினர்க்கு அனுப்பின. கறை விழுந்தாலும் தாள் கிழிந்தாலும் அவ்விடத்தின்மேல் நட்சத்திரத்தை வைத்து மறைப்பது அவர் வழக்கம். நட்சத்திரம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு பிழை இருக்கிறது என்பதை வீட்டார் மட்டுமே அறிவர்.

மகள் தர்சனா, பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்வதற்குத் திருச்சியிலிருந்து வந்த ஸ்ரீகாந்தை நகரசபையில் பதிவுசெய்து மணந்தாள். அவன் திருமுழுக்குப் பெறாதவன். கோயிலில் திருமண ஓலை வாசிக்கப்படவில்லை. அவ்வாண்டு குடும்பப் படத்தை நடுவில் வைத்து உறவினர் அனைவருக்கும் அட்டை செய்த எமிலியானா, மருமகனின் முகத்தின்மேல் நட்சத்திரம் ஒட்டினார். கை ஓடிய வேகத்தில், அயலூரான பகேரியாவில் குடியேறியிருந்த மகளுக்கும் அவற்றுள் ஒன்று போய்ச் சேர்ந்தது. தர்சனா நட்சத்திரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, அவர் என்ன பசைக் கறையே?"

அதன்பின் அவள் அழைக்கவில்லை. தாயின் அழைப்பையும் எடுக்கவில்லை.

மறுநத்தாருக்கு எமிலியானா, மருமகனின் முகம் முழுதாகத் தெரியும்படி, நட்சத்திரமே இல்லாத ஓர் அட்டையைச் செய்தார். தம் மன்னிப்பைக் கேட்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அதுதான் காயாமற்போன அட்டை. ஈரத்தோடு உறையில் இடவும் முடியவில்லை. ஆபிரிக்காவிலிருந்து வரும் சிரோக்கோ காற்று தெருவிலுள்ள துணிகளையெல்லாம் ஒரு மணி நேரத்தில் உலர்த்திற்று, அட்டையை உலர்த்தவில்லை. கீழ்வீட்டு அன்ரனி, "அக்கா, போர்னோவுக்குள்ளை வைச்சுப் பாருங்கோ. பாண் வேகுது, இது காயாதே?" என்றார். அடுப்புக்குள் வைத்துப் பார்த்தார்கள். அட்டை சூடாக, ஈரமாக வெளியே வந்தது. மேலே ஒரு தாள் ஒட்டினால் ஈரத்தை உறிஞ்சும் என்று எண்ணி, நடுவில் சாளரம் வெட்டிய புதுத்தாளொன்றை ஆண்டுதோறும் எமிலியானா ஒட்டிவந்தார். அட்டை செங்கல்லின் தடிப்பை அடைந்தது. பிறகு தலையணையின் தடிப்பை. குடும்பப் படம் கிணற்றின் அடியில் இருப்பதுபோல் ஆழத்தில் தெரிந்தது. "இஞ்சரும், இன்னும் இரண்டு நத்தார் போனால் இதிலை படுக்கலாம்," என்றார் றோபேட். எமிலியானா சிரிக்கவில்லை.

ஆறாம் ஆண்டு இருவரும் அதை ஒரு தட்டில் ஏந்தி, பகேரியாவுக்குத் தொடருந்தில் சென்றனர். கதவைத் திறந்தவன் ஸ்ரீகாந்த்.

"உள்ள வாங்க அத்தை. இந்தத் தடவை நட்சத்திரம் யார் மேல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். கேட்டுவிட்டுத் தேநீர் வைக்கப் போனான். தர்சனா வாசலுக்கு வந்து, அட்டையில் வெட்டிய சாளரத்தின் வழியே படத்தை நெடுநேரம் பார்த்தாள். பின்னர் அட்டையின் வலப்புற மூலையில் விரலை வைத்து எடுத்தாள். விரலுக்கும் தாளுக்கும் இடையே பசை நூலாக நீண்டு அறுந்தது.

"இன்னும் காயேல்லை அம்மா."

"ஓம் பிள்ளை. காயுதில்லை."

"காஞ்சாப் பிறகு கொண்டு வாங்கோ."

தண்ணீர் கொதிப்பதற்கு முன் கதவு மூடப்பட்டது. திரும்பும் தொடருந்தில் றோபேட் தட்டைப் பிடித்துக்கொண்டார். எமிலியானா தம் கைகளை மடியில் வைத்திருந்தார்.

இனி அது காயும் என்று அவ்வீட்டில் எவரும் எதிர்பார்ப்பதில்லை. சமையலறை மேசையின் ஒரு பாதியில் அட்டை இருக்கிறது. மறுபாதியில் இருவரும் உணவருந்துகின்றனர். கடந்த நத்தாரில் எமிலியானா வழக்கம்போல் புதுத்தாள் ஒட்டினார். மறுநாட் காலை, அத்தாளின் வலப்புற மூலையில், தர்சனாவின் விரலடையாளம் கீழிருந்து மேலெழுந்து நின்றது. மேலும் ஒரு தாள் ஒட்டினார், அதிலும் எழுந்தது. றோபேட் ஒரு நட்சத்திரத்தை எடுத்து நீட்டினார். எமிலியானா அதை வாங்கிப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு, சோறு பரிமாறினார்.