இரண்டு மங்கல் புள்ளிகள்

அக்கா எனக்கு உறவில்லை. ஆய்வகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டோம். நான் படிப்பைப் பாதியில் விட்டு வந்த இடம் அது. நினைப்பு இன்னும் அங்கேதான் சுற்றுகிறது.

அவளுடைய வேலை நையோபியம் என்ற உலோகத்தின் படலம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. திரவ ஹீலியத்தில் குளிர்ந்துவிட்டால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். பக்கத்தில் காந்தம் வைத்தால் காந்தப்புலம் பொடிப்பொடிச் சுழல்களாக உள்ளே இறங்கி, படலத்தில் எங்கே பழுதோ அங்கே சிக்கிக்கொள்ளும். திரையில் ஒவ்வொரு சுழலும் ஒரு வெள்ளைப் புள்ளி. மின்னோட்டம் தள்ளும்போது அது இடம் மாறுவதை அவள் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் மேஜையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார் ஆய்வு வழிகாட்டி.

ஒன்றும் அசையவில்லை.

"விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கு பாரு" என்றாள்.

"நீங்களும் அப்படித்தானே உக்காந்திருக்கீங்க."

"வாய மூடிட்டு குப்பைய அழி."

குப்பை என்றால் கெட்ட படங்கள். நூறு படம் எடுத்துச் சராசரி போடுவோம், புள்ளிகள் துலங்கும். சில சராசரிப் படங்களில் ஒரு பளிச்சென்ற புள்ளிக்குப் பதில் இரண்டு மங்கல் புள்ளிகள் ஒட்டினாற்போல் தெரியும். படலம் சரியில்லை என்று அழித்துவிடுவோம்.

வியாழன் மதியம் அப்படி ஒன்றை அழிக்கப் போனேன். அவள் கையைப் பிடித்தாள்.

"இருடா. ரெண்டோட வெளிச்சத்தையும் சேத்துக் கூட்டு."

கூட்டினேன். "ஒரு புள்ளிக்கு உண்டானதுதான் வருது, அக்கா."

நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு, "சராசரி போடாம ஒவ்வொரு படமா ஓட்டு" என்றாள்.

புழுதியடித்த மாதிரி ஓடிய படத்தில் ஒரே புள்ளி இடப்பக்கம் நின்றது. வலப்பக்கம் தாவியது. நின்றது. திரும்பி வந்தது. இரண்டு பழுதுகளுக்கு நடுவே அது பாட்டுக்கு அலைந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள்தான் சராசரி போட்டு நிறுத்தியிருந்தோம்.

"எத்தனைய அழிச்சிருப்போம்?"

"கேக்காதீங்க."

சிரிக்க ஆரம்பித்தவள் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வழிகாட்டி அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "மேஜைய நீயே வச்சுக்கோம்மா" என்றார். அதற்குமேல் பாராட்டத் தெரியாத மனுஷன்.

அவள் அங்கேயே இருந்தாள். அந்த வருஷம் முடியுமுன் நான் கிளம்பினேன். வாசல்வரை வந்து, "உன் நாற்காலிய யாருக்கும் குடுக்க மாட்டேன்டா" என்றாள். கொடுத்திருப்பாள். அங்கே எப்போதும் நாற்காலிக்குப் பஞ்சம்.