துரையின் எடை

இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கழித்தலில் தப்புவிட்டேன் என்று வேறு யாராவது சொன்னால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

துரை எங்கள் வீட்டுப் பூனை. பதினான்கு வயது. இரண்டு சிறுநீரகமும் பழுது, இனி சரியாகாது என்றார் டாக்டரம்மா.

"தினமும் வீட்டிலேயே தோலுக்கடியில டிரிப்ஸ் ஏத்துங்க. எடையைப் பார்த்துக்கிட்டே வாங்க. மூணு கிலோவுக்குக் கீழ போச்சுன்னா, அதுக்கு மேல அவனைப் படுத்த வேண்டாம். வலியில்லாம ஒரு ஊசி போட்டு அனுப்பி வச்சிடலாம்."

"அனுப்பி வைக்க அவன் என்ன ஊருக்கா போறான்?" என்று வள்ளென்று விழுந்தேன்.

டிரிப்ஸ் பையை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கித் திரைக் கம்பியில் மாட்டுவேன். என் கணவர் பஸ் டிரைவர். எவ்வளவு நெரிசலிலும் கை நடுங்காத மனிதர், ஊசியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிடரித் தோலைத் தூக்கி நான்தான் குத்துவேன். துரை ஒரு தடவை முனகிவிட்டு என் கையையே நக்குவான்.

சாப்பாடுதான் பெரும்பாடு. அவன் நோய்க்கென்று டப்பாவில் வரும் உணவை மோந்துகூடப் பார்க்கமாட்டான். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வெண்ணெய் தடவிய ரொட்டியை நான் சப்புக்கொட்டித் தின்ன வேண்டும். என் வாயையே பார்த்திருந்துவிட்டு அவனும் ஒரு நக்கு நக்குவான்.

"எனக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய். என் ராசால்ல!"

தினம் நாலு வேளை இந்தக் கூத்து.

"அவனைத் தேத்துறேன்னு நீதான் நல்லாத் தேறிட்டே," என்று கணவர் சிரித்தார்.

"உங்க வேலையைப் பாருங்க."

எடை மெஷினில் துரை தனியாக நிற்கமாட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி, என் எடை ஐம்பத்தெட்டைக் கழிப்பேன். வாராவாரம் அறுபத்திரண்டு காட்டியது. அப்படியென்றால் துரை நாலு கிலோ. மூன்று மாதமாக நாலு கிலோ என்று காலண்டரில் எழுதி வைத்தேன். அவன் கட்டிலில் ஏற முடியாமல் நின்றபோதும், முதுகெலும்பு கையில் தட்டியபோதும், வயசாகுது என்று சொல்லிக்கொண்டேன். எண் பொய் சொல்லாது என்று அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

போன மாதம் டாக்டரம்மா அவனைத் தன் தராசில் வைத்தார். இரண்டு புள்ளி ஏழு.

"உங்க மெஷின் கோளாறு," என்றேன்.

அவர் அரை லிட்டர் டிரிப்ஸ் பையை அதில் வைத்தார். அரைக் கிலோவுக்குச் சற்று மேலே காட்டியது. பிறகு மூலையில் பெரிய நாய்களை எடை பார்க்கும் மேடையைக் காட்டினார்.

"நீங்க கொஞ்சம் அதுல ஏறுங்கம்மா."

ஐம்பத்தொன்பது புள்ளி மூன்று.

நான் தேறிவிட்டதாகக் கணவர் செய்த கேலி அப்போதுதான் உறைத்தது. என் எடையை மூன்று மாதத்துக்கு முன்பு பார்த்ததோடு சரி. எது மாறும், எது மாறாது என்று முதலில் பார் என எத்தனை பிள்ளைகளிடம் கத்தியிருப்பேன்! நான் ஏறியிருந்தேன், அவன் இறங்கியிருந்தான். கூட்டினால் அதே அறுபத்திரண்டு.

"எத்தனை நாள் சும்மா குத்தினேன் டாக்டர்? பாவி நான்."

"வலிக்கணும்னா குத்தினீங்க?" என்றார் அவர். "நாளைக்குக் காலையில வீட்டுக்கே வந்துடறேன்."

அன்று மாலை ஊசி போடவில்லை. பழக்கம் விடாமல் தட்டோடு தரையில் உட்கார்ந்தேன். துரை தள்ளாடி வந்து என் எதிரே படுத்தான். டப்பா உணவை விரலில் எடுத்து நீட்டினேன். அவன் விரலைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்தான்.

"நீ முதல்ல சாப்பிடணும்னு காத்திருக்கான்," என்றார் கணவர்.

ரொட்டியை வாயில் வைத்தேன். அழுதுகொண்டே மென்று விழுங்கினேன். அவன் நக்கவில்லை. இன்னொரு வாய். அதற்கும் இல்லை. தட்டிலிருந்த ரொட்டி முழுவதையும் நானே தின்று முடித்தேன். அதுவரை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துரை என் பாதத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான்.