எங்க வீட்ல எந்த சாமியும் இல்ல

1

இந்தக் கதை என் போன்ல இருக்கிற ஒரு ஃபோட்டோல இருந்து வந்தது. இன்னைக்கு மத்தியானம் எடுத்தேன். இப்ப எல்லாரும் தூங்குறாங்க, எனக்கு மட்டும் தூக்கம் வரல. வெளிய தெரிஞ்சா எங்க குடும்பத்தோட முறையையே பிடுங்கிடுவாங்க. அப்புறம் அப்பா முகத்துல நான் எப்படி

(சரியில்ல. மறுபடி ஆரம்பிக்கிறேன்.)

2

நேபாளத்துல, லலித்பூர்ல எங்க முற்றத்துக் கோயில்ல, இரும்புக் கம்பிக்குள்ள தாரா நிக்கிறா. அது நகல். நிஜ தாரா முறை வச்சு வருஷத்துக்கு ஒரு வீட்ல இருப்பா. எந்த வீடுன்னு முற்றத்துல எல்லாருக்கும் தெரியும். ஆனா வெளியாள் யாராவது கேட்டா, "எங்க வீட்ல எந்த சாமியும் இல்ல"ம்பாங்க. இந்த வருஷம் அவ இருக்கிறது மூணாவது மாடில, சமையக்கட்டுக்குப் பக்கத்துல இருக்கிற

(இதை முடிக்க மாட்டேன். ஊர் பேரு, சாமி பேரு கூட நான் மாத்தியிருக்கலாம். மன்னிச்சுக்கோங்க.)

3

அம்மா அவளைத் தினமும் திட்டுவா. "உனக்கென்ன, இருந்த இடத்துக்குச் சாப்பாடு வருது." திட்டிக்கிட்டே சால்வையை இழுத்துப் போத்திவிடுவா. எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல. கணக்குல ஃபெயில் ஆனதை முதல்ல தாராகிட்டதான் சொன்னேன்.

நாளையோட எங்க முறை முடியுது. அடுத்து அஷ்டமான்னு ஒருத்தர் வீடு. கீழ ரெண்டு மாடியும் வாடகைக்கு விட்டிருக்கார். யார் வர்றாங்க யார் போறாங்கன்னு அவருக்கே தெரியாது.

4

சனிக்கிழமை முறைக்காரங்க விருந்துல, தாராவை ஃபோட்டோ எடுத்து வைக்கலாமா வேண்டாமாங்கிற பேச்சுதான். ஃபோட்டோ இல்லாம தொலைஞ்சா, நாளைக்கு ஏதோ ஒரு நாட்டுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள அவளைப் பார்த்தாலும் நம்மளோடதுன்னு சொல்ல முடியாதுன்னார் ரத்னா காகா, அப்பாவோட தம்பி. பக்கத்து முற்றத்து சாமியை யாரோ படம் பிடிச்சுப் புத்தகத்துல போட்டாங்க, அடுத்த மழைக்குள்ள பீடம் மட்டும்தான் மிச்சம்னார் அப்பா.

"படம்கிறது திருடனுக்கு மெனு கார்டு."

"அப்ப உன் கல்யாண ஃபோட்டோவையும் ஒளிச்சு வைண்ணா. அண்ணியைத் தூக்கிட்டுப் போயிடப் போறான்."

அவல் பரிமாறிக்கிட்டிருந்த அம்மா நிமிரவே இல்ல. "தூக்கிட்டுப் போனவன் மறுநாளே கொண்டாந்து விட்டுடுவான்."

அப்பாவைத் தவிர எல்லாரும் சிரிச்சாங்க. ஃபோட்டோ வேண்டாம்னு முடிவாச்சு.

(முதல் வரைவுல காகாவைத்தான் திருடனாக்கினேன். கதைக்கு நல்லாவும் இருந்துச்சு. ஆனா நேத்துகூட எனக்கு மோமோ வாங்கிக் கொடுத்தார். அடிச்சிட்டேன்.)

5

அதனாலதான் நானே எடுத்தேன். இதுக்கு ரெண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒண்ணுல அப்பா போனைப் பார்த்துடுறார். இன்னொண்ணுல போனே தொலைஞ்சு போகுது. அதை எழுத ஆரம்பிச்சு, பாதியிலயே

நிஜத்துல சாயங்காலம் பார்த்தது அம்மா. அடிப்பான்னு நினைச்சேன். ரெண்டு விரலால படத்தைப் பெருசாக்கினா.

"யாருடி இது?"

"தாரா."

"செவப்பா என்னமோ இருக்கு. சாமந்தி இருக்கு. மூஞ்சி எங்க?"

இல்லதான். ஒரு வருஷத்துக் குங்குமம், கழுத்து வரைக்கும் துணி, புருவம் வரைக்கும் கிரீடம். பொறந்ததுல இருந்து பார்க்கிறதால எனக்கு அது தாராவாத் தெரியுது. போலீஸ்காரனுக்கு எந்த சாமியாவும் தெரியும்.

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தா. "காலையில அனுப்புறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கழட்டி, வெந்நீர்ல குளிப்பாட்டணும். நீதான் தாம்பாளம் பிடிக்கணும்." கதவு வரைக்கும் போய் நின்னா. "துவட்டுற துணியை நான் கீழயே மறந்துட்டு வருவேன். முட்டி வலி வேற. எடுத்துட்டு வர நேரமாகும்."

6

அவ்வளவுதான். காலையில நான் என்ன செய்யப் போறேன்னு எழுத மாட்டேன். எழுதினா, முகம் தெரியிற ஃபோட்டோ ஒண்ணு இருக்குமா இருக்காதான்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். இவ்வளவு நேரம் முழிச்சிருந்து கேட்டீங்க, உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதே.